பிறவித் தீயோர் என்றொரு பொய்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிலுவைப்பாதை முடிந்து நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த குடும்பத்தலைவர் ஒருவர் துணிப்பையில் சுற்றிய தடித்த நூலொன்றைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். பொறியியல் பயிலும் தம் மகனின் பெட்டியில் அது அகப்பட்டதாம். அட்டையில் நெருப்பைக் கக்கும் பறவைநாகம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கொம்பும் கோரைப்பல்லும். "சாமி, இது பேய் விளையாட்டு என்கிறார்கள். நீங்களே மந்திரித்து எரித்துவிடுங்கள்" என்றார்.

நாம் மந்திரிக்கவுமில்லை, எரிக்கவுமில்லை. மூன்று இரவுகள் கண்விழித்து அதைப் படித்தோம். படித்து முடித்தபோது நமக்குச் சினம் வந்தது உண்மை. ஆனால் அந்தத் தந்தை எதிர்பார்த்த இடத்தில் அது எழவில்லை.

வாசகர் பலர் இவ்விளையாட்டைக் கண்டிருக்கமாட்டார்கள். ஆகவே இரண்டொரு சொல். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அமைத்து 1974-ஆம் ஆண்டு வெளியிட்டது. நண்பர்கள் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் குருவானவர் என ஆளுக்கொரு வேடம். மற்றொருவர் கதை நடத்துநர்; குகையில் என்ன இருக்கிறது, காட்டில் எவர் எதிர்ப்படுவார் என்பதெல்லாம் அவர் கையில். ஐயம் எழும் இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும். நம் கிராமத்துத் திண்ணையில் பாட்டி சொல்லக் கேட்ட கதையில், கேட்பவனே எழுந்து, "நான் கதவைத் திறக்கிறேன்" என்று சொல்ல இடமிருந்தால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான். இதில் பேய்க்கு யாரும் தூபமிடுவதில்லை. கற்பனை என்னும் கொடையை இறைவன் மனிதனுக்கு அளித்தது பூட்டிவைப்பதற்கல்ல என்றே நாம் கருதுகிறோம்.

எனில் சினம் எதற்கு? இவ்விளையாட்டில் வரும் ஒவ்வோர் உயிரின் பெயரையும் அடுத்து ஒரு குறிப்பு அச்சிடப்பட்டிருக்கிறது. 'அலைன்மென்ட்' என்பர், 'அறச்சார்பு' என்று தமிழில் சொல்லி வைப்போம். முதற்பதிப்பில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்றே பிரிவுகள் இருந்தன. போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் புனைகதைகளிலிருந்து வந்த பிரிவுகள் அவை. எவர் எந்தப் படையில் நிற்கிறார் என்பதற்கு அடையாளமாகவே பெரும்பாலும் பயன்பட்டன. அதில் பெருங்குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் 1977 தொடங்கி 1979-க்குள் மூன்று பெருநூல்களாக வெளிவந்த விரிந்த பதிப்பில், இதனோடு நன்மை, தீமை என்னும் மற்றோர் அச்சையும் சேர்த்து ஒன்பது கட்டங்களாக்கினார்கள். அந்த நாழிகையில்தான் படையின் அடையாளம் ஆன்மாவின் இயல்பாக மாறிற்று. ஓர்க் என்னும் இனமா? ஒழுங்குள்ள தீயோர். கோப்லினா? அவ்வாறே. எந்த ஓர்க், என்ன செய்தது, எவரைக் கெடுத்தது என்ற கேள்வியே எழாது. பறவைநாகங்களுக்கோ நிறமே தீர்ப்பு: கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை எனில் தீயவை, பொன்னும் வெள்ளியும் செம்பும் எனில் நல்லவை. 'டிரௌ' என்றொரு நிலவறை இனத்தார் உண்டு. அவர்கள் தோல் கறுப்பு, அவர்கள் தீயோர். இதை எழுதியவர் எந்த நாட்டில், எந்த வரலாற்றின் நடுவில் இருந்து எழுதினார் என்பதை நாம் நினைவூட்டவும் வேண்டுமோ?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1978-இல் வந்த நூல், ஓர்க்குக்கும் மனிதருக்கும் பிறந்த 'அரை ஓர்க்'காக வேடமேற்க இடமளிக்கிறது. அவனோ தன் அறச்சார்பைத் தானே தேர்ந்துகொள்ளலாம்! ஆக, தாய் தந்தையருள் ஒருவர் மனிதராய் இருந்தால் சுயாதீனம் உண்டு. இருவரும் ஓர்க்காய் இருந்தால் இல்லை. சுயாதீனம் என்பது குருதியில் கலந்துவரும் ஒரு சரக்கு என்று எந்த மெய்யியலில் படித்தார்களோ, நமக்கு விளங்கவில்லை.

நூலின் சொந்தக்காரனான அந்த இளைஞன் அடுத்த வாரம் தானாகவே பங்கு இல்லத்துக்கு வந்தான். அஞ்சியபடி வந்தவனை நாம் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தோம். சற்றுத் தெளிந்தபின் அவன் ஒரு சிறுநூலைக் காட்டினான். 1970-களின் இறுதியில் கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்' என்னும் சாகசத் திட்டம் அது. எல்லைப்புறத்தில் மனிதரின் கோட்டை. சிறிது தொலைவில் 'குழப்பத்தின் குகைகள்'. குகைக்கொரு கூட்டமாக ஓர்க்குகள், கோப்லின்கள், கோபோல்டுகள். வீரர்கள் போய் அவற்றை வென்று பொருளை எடுத்துவர வேண்டும். இலட்சக்கணக்கானோர் இவ்விளையாட்டை முதன்முதலாகக் கற்றது இந்நூலைக் கொண்டுதான்.

"சாமி, இந்தப் பக்கத்தைப் பாருங்கள்" என்று அவன் விரல் வைத்த இடத்தில் ஒரு குகையின் பொது அறை எண்ணிக்கையோடு விவரிக்கப்பட்டிருந்தது: ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, குட்டிகள் இத்தனை. குட்டிகள் தாக்கமாட்டா என்றொரு குறிப்பும் உடன் இருந்தது. "போன வாரம் நான்தான் கதை நடத்தினேன். எங்கள் கூட்டம் பெரியவர்களைக் கொன்று முடித்துவிட்டது. பிறகு ஒருவன், 'குட்டிகளை என்ன செய்வது?' என்று கேட்டான். இன்னொருவன், 'தீய இனம் என்றுதானே போட்டிருக்கிறது, முடித்துவிடு' என்றான். எனக்கு மேலே நடத்த முடியவில்லை, சாமி. நூலை மூடிவிட்டேன். வீட்டில் அப்பா பேய் பேய் என்று சத்தம் போடுகிறார். எனக்குப் பேயைப் பற்றிக் கவலையில்லை. அந்தக் குட்டிகளைப் பற்றித்தான் கேட்க வந்தேன்."

முப்பது ஆண்டுகளுக்கு அண்மையில் நாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து வருகிறோம். இத்துணைத் தூய மனச்சான்றின் குரலை அங்கே பலமுறை கேட்டோம் என்று சொல்வதற்கில்லை.

இப்போது நம் தரப்பின் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். 1980-களில் அமெரிக்காவில் கிறிஸ்தவர்கள் பலர் இவ்விளையாட்டுக்கு எதிராகப் பெருங்கூச்சல் எழுப்பினர். பசாசுகளின் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன, மந்திரங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றனர். விளைவு என்ன? 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பதிப்பகத்தார் பசாசு என்ற சொல்லை நீக்கி, வேறு புனைபெயர்களை இட்டுவிட்டனர். கூச்சலிட்டவர் வென்றனர். ஓர்க்குக் குட்டியோ தீய இனமாகவே நின்றது! திருச்சபையின் போதனைக்கு நேர்மாறான ஒரு தப்பறை பக்கத்துக்குப் பக்கம் அச்சாகியிருக்க, அதை விட்டுவிட்டுப் படத்திலிருந்த கொம்பைப் பிடித்துக்கொண்டு போராடினோம். எரிக்கச் சொன்ன தகப்பனாரும் அந்தக் கூச்சலின் எதிரொலியைத்தான் நம்மிடம் கொண்டுவந்தார்.

தப்பறை என்று சொன்னோம். கடுஞ்சொல்தான், அறிந்தே சொன்னோம். தீமை தன்னளவில் ஒரு பொருள், அதற்கென ஓர் இயல்பு உண்டு, சில உயிர்கள் அந்த இயல்பினாலேயே ஆனவை என்பது மானிக்கேயரின் கொள்கை. புனித அகுஸ்தீனார் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அந்த வலையில் கிடந்து, பின் அதை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். தீமை என்பது இருக்க வேண்டிய நன்மையின் குறைவே அன்றி வேறில்லை. கண் இல்லாமல் குருடு எங்கே தங்கும்? 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் பசாசுகளைப் பற்றியே பேசும்போதும், அவை இறைவனால் இயல்பில் நல்லவையாகப் படைக்கப்பட்டுத் தம் செயலாலேயே தீயவை ஆயின என்று வரையறுத்தது. பசாசுகூடப் பிறவித் தீயது அன்று! அது தெரிந்து, தேர்ந்து, திரும்பாத நிலையை அடைந்தது. ஆகவே ஒரு விளையாட்டுக்காரர் தம் கதையில் பசாசை முற்றிலும் தீயதாகக் காட்டினால் நமக்கு மறுப்பே இல்லை. அவர் மறைக்கல்வியைத்தான் சொல்கிறார். பசியால் அழுகிற, தாயைத் தேடுகிற, நாளை பேசக் கற்கப்போகிற ஒரு குட்டியின் தலையில் அதே முத்திரையைக் குத்தும்போதுதான் அவர் படைத்தவரையே குற்றவாளியாக்குகிறார்.

"சாமி, மனிதர் அனைவரும் பிறப்புநிலைப் பாவத்தோடு பிறக்கிறோம் என்று நீங்களே ஞானஸ்நானத்தின்போது சொல்கிறீர்களே?" என்று ஒரு புத்திசாலி கேட்கலாம். அந்த இளைஞனே கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் திரிதெந்து சங்கம் இந்தக் கதவையும் அடைத்துத்தான் வைத்திருக்கிறது. பிறப்புநிலைப் பாவத்தைப் பற்றி 1546-இல் வரையறுத்த அதே சங்கம், அடுத்த ஆண்டு, ஆதாமின் வீழ்ச்சியால் மனித சுயாதீனம் தளர்ந்து சாய்ந்ததேயன்றி அணைந்துவிடவில்லை என்றும் கூறிற்று. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குத் தண்ணீரைக் கொண்டு வருகிறோம், வாளை அல்ல. அவ்வளவுதான் வேறுபாடு, அது போதும்.

இனி, ஓர்க்கும் கோப்லினும் மனிதர் இல்லையே என்பர். திருச்சபை இந்தக் கேள்விக்குப் புதிதன்று. பழங்காலத்து நூல்கள் நாய்த்தலை மனிதர், ஒற்றைக்கால் மனிதர், தலையில்லாமல் மார்பில் கண் உடையோர் என்றெல்லாம் தொலைநாட்டு விந்தை இனங்களைப் பேசின. 'இறைவனின் நகரம்' என்னும் நூலின் பதினாறாம் பகுதியில் அகுஸ்தீனார் இவர்களை எடுத்துக்கொள்கிறார். அப்படி எவரும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், அறிவுள்ள, சாவுக்கு உட்பட்ட உயிராக எவன் பிறந்தானோ, அவன் வடிவமும் நிறமும் குரலும் எத்துணை விந்தையாயினும், ஆதாமின் வழியினன் என்பதில் ஐயமில்லை என்று முடிக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் வடநாடுகளில் மறைப்பணி ஆற்றிய ரிம்பெர்ட் என்பவர், நாய்த்தலையரைச் சந்தித்தால் அவர்களை மனிதரென்று கொள்வதா, விலங்கென்று கொள்வதா என்று கேட்க, கோர்பி மடத்துத் துறவி ரத்ராம்னுஸ் எழுதிய மறுமொழி இன்றும் இருக்கிறது. அவர்கள் ஊர் அமைத்து வாழ்கிறார்களா? வெட்கி உடலை மறைக்கிறார்களா? சட்டத்துக்கு உட்படுகிறார்களா? எனில் அறிவுள்ளோரே என்பது அவர் தீர்ப்பு. கீழைத் திருச்சபையின் பழைய படங்கள் சிலவற்றில் புனித கிறிஸ்தோபரே நாய்த்தலையோடு நிற்கிறார். லேக் ஜெனீவாவுக்கு ஆயிரத்தொரு நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மடத்துத் துறவிக்குத் தோன்றிய கேள்வி, ஒன்பது கட்டம் வரைந்தவருக்குத் தோன்றவில்லை.

ஓர்க் என்ற பெயரை இக்காலக் கதைகளுக்குத் தந்த டோல்கீன் கத்தோலிக்கர். அவரைக் காட்டித் தப்ப முயல்வோரும் உண்டு. ஆனால் அந்த மனிதர் இக்கேள்வியால் இறுதிவரை துன்புற்றார். 1954-இல் ஆக்ஸ்ஃபோர்டின் கத்தோலிக்கப் புத்தகக் கடை ஒன்றின் பொறுப்பாளருக்கு எழுதத் தொடங்கி அனுப்பாது விட்ட மடலில், ஓர்க்குகளை மீட்புக்கே அப்பாற்பட்டவை என்று எழுதப்போய், அது வரம்பு மீறுவதாகும் என்று பேனாவைத் தடுத்துக்கொள்கிறார். அவை எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு விடை எழுதுவார். மனம் ஒப்பாமல் மற்றொன்று எழுதுவார். அவருடைய பெருங்கதையிலேயே இரண்டு ஓர்க்குகள், மேலதிகாரிகளின் தொல்லை இல்லாத இடத்துக்கு நம்பகமான சில தோழர்களோடு போய்விடலாமா என்று பேசிக்கொள்வதை நாம் ஒட்டுக்கேட்கிறோம். தீர்ந்த விடை அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் விடை கிட்டாமையால் உறங்காதிருந்தார். அவருக்குப் பின் வந்தோர் அந்தத் துன்பத்தை விட்டுவிட்டு ஓர்க்கை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

"வெறும் விளையாட்டுத்தானே, காகிதத்தில் கொல்கிறோம், யாருக்கு நட்டம்?" என்பதுதான் நமக்கு எதிராக மிகுதியும் சொல்லப்படுவது. ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். 2005-இல் கைகாக்ஸ் இவ்விளையாட்டின் அன்பர்களுக்கு எழுதிய விளக்கமொன்றில், அறவீரனாகிய 'பலாடின்' தீய இனத்துக் கைதிகளைக் கொல்வதில் தவறில்லை என்றார்; அதற்கு ஆதாரமாக ஈர்தான் பேனாகும் என்ற பொருளுடைய அமெரிக்கப் பழமொழி ஒன்றைக் காட்டினார். அது யார் வாயில் வழங்கிய மொழி? 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக் கரையில் கூடாரமிட்டிருந்த செயேன், அரபஹோ மக்கள்மீது படை நடத்திய தளபதி சிவிங்டனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட மொழி. அன்று மாண்டோரில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியோர். அவர் முன்னாளில் மறைபோதகராய் இருந்தவர் என்பதையும் தலைகுனிந்து எழுதுகிறோம். கைகாக்ஸ் மேலும் ஒரு படி போனார்: சரணடைந்து மனந்திரும்பிய கைதியையும் உடனே கொன்றுவிடலாம், அவன் மீண்டும் வழுவுமுன் நற்கதிக்குப் போய்ச் சேரட்டும் என்று! மனந்திரும்பிய ஒருவருக்காக விண்ணகத்தில் மகிழ்ச்சி உண்டாகும் என்றுதானே நம் ஆண்டவர் சொன்னார். உடனே கழுத்தை வெட்டச் சொல்லவில்லையே. கைகாக்ஸ் கொடியவர் என்று நாம் சொல்லவில்லை. கதை சொல்லி இலட்சம் பேரை மகிழ்வித்தவர், 2008-இல் காலமானவர். இறைவன் அவருக்கு இளைப்பாற்றி தருவாராக. ஆனால் காகிதத்தில் போட்ட ஒரு கட்டம் முப்பது ஆண்டுகளில் ஒரு நல்ல மனிதரின் பேனாவை எங்கே கொண்டுபோய் நிறுத்திற்று என்பதைப் பாருங்கள்.

பிறவிக் குற்றவாளி என்னும் கட்டம் காகிதத்தோடு நிற்பதில்லை என்பதை அறிய நாம் கொலராடோவரை போகவும் வேண்டியதில்லை. 1871-இல் ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டம் இயற்றிற்று. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதை எதிர்த்து நின்ற மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தச் சட்டமும் ஒரு பட்டியல்தான். இனத்தின் பெயர், அதற்கு நேரே ஒரு குறிப்பு.

அண்மைக் காலத்தில் இவ்விளையாட்டை வெளியிடுவோர் விழித்துக்கொண்டனர் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். 2020-இல், ஓர்க்கும் டிரௌவும் பிற மக்களைப் போலவே நன்மைக்கும் தீமைக்கும் இடமுள்ளோராகக் காட்டப்படுவர் என்று அறிவித்தனர். அடுத்த ஆண்டு முதல் வந்த நூல்களில் அறச்சார்புக்கு முன் 'பெரும்பாலும்' என்றொரு சொல் சேர்ந்தது. 2024-இன் ஆட்டக்காரர் நூலில் ஓர்க் வேடத்தையே நேரே ஏற்கலாம். மகிழ்ச்சி. ஆயினும் அந்தப் 'பெரும்பாலும்' நமக்கு நிறைவு தரவில்லை. "அந்தச் சேரியார் பெரும்பாலும் திருடர்" என்று ஒருவர் சொன்னால், அச்சொல்லுக்காக அவரை மன்னித்துவிடுவோமா?

இதற்கு மறுகோடியில் நிற்போரும் நம்மிடம் தப்ப முடியாது. தீமை என்ற சொல்லையே விளையாட்டிலிருந்து துடைத்துவிட வேண்டும், எவனும் வில்லன் அல்லன், எல்லாம் சூழ்நிலை என்கின்றனர் சிலர். இதுவும் குட்டியை இகழ்வதே. தீமை செய்ய முடியாதவன் நன்மை செய்யவும் முடியாதவன். ஓர்க்குத் தலைவன் கிராமத்தைக் கொளுத்தினான் என்றால் அவன் தீச்செயல் புரிந்தான். பிறப்பால் அல்ல, தெரிந்து, விரும்பிப் புரிந்தான். நம் சிறுவர் புதுநன்மைக்கு முன் மனப்பாடம் செய்கிற அதே மூன்று நிபந்தனைகள்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். அவனை எதிர்த்துப் போரிடுங்கள், வெல்லுங்கள். அதில் நமக்குத் தயக்கமே இல்லை.

சாகசத் திட்டம் எழுதுவோர் கையில் இதற்கான கருவிகள் முன்பே இருக்கின்றன என்பதுதான் பரிதாபம். நாம் மேலே கண்டித்த அந்தச் சிறுநூலிலேயே ஒரு மாணிக்கம் கிடக்கிறது. கோட்டைக்குள், எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகும் ஒரு குருவானவர் தங்கியிருக்கிறார். உண்மையில் அவர்தான் தீயவர், ஒற்றர். குகைகளை எதிர்க்கப் போவோரைக் கெடுக்கவே அங்கே இருக்கிறார். மனிதர், நம் குலத்தார், அதுவும் நம் தொழிலார்! தீமை எங்கே தங்குகிறது என்பதைக் கைகாக்ஸ் அறியாதவர் அல்லர். அறிந்ததைக் குகைவரை கொண்டுபோகவில்லை. 1981-இன் எளிய பதிப்பில், எதிர்ப்பட்ட உயிர் உடனே பாயுமா, தயங்குமா, நட்புக் காட்டுமா என்று இரண்டு பகடைகளை உருட்டிப் பார்க்கும் விதி இருக்கிறது. பன்னிரண்டு விழுந்தால் கோப்லினும் தோழனே. உடனிருந்தோர் வீழ்ந்தபின் அது தொடர்ந்து போரிடுமா, ஓடுமா, சரணடையுமா என்பதற்கு வேறொரு விதி. அனுபவப் புள்ளிகளில் பெரும்பங்கு கொலைக்கன்று, மீட்டுவரும் பொருளுக்கு. ஆகப் பழைய விதிகள் அறச்சார்புக் கட்டத்தைவிட இரக்கம் மிகுந்தவை. ஆடுவோர் அவற்றைத் தாண்டிப்போய் வாளை உருவினர். 2004-இல் கீத் பேக்கர் அமைத்த 'எபரான்' என்னும் கதையுலகில் பொன்னிற நாகமும் தீயதாகலாம். ஓர்க்குகளே பண்டைக்காலத்தில் உலகைக் காத்த துறவோர். அங்கே எவருக்கும் ஆட்டம் சுவை குன்றியதாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் அந்த இளைஞனிடம் சொன்னோம். இத்துணை நீளமாக அல்ல. கெரசேனர் நாட்டில் கல்லறைகளில் திரிந்தவனிடமிருந்து ஆண்டவர் பேய்களை விரட்டினார், மனிதனை உடை உடுத்தி உட்காரவைத்தார் என்பதையும் நினைவூட்டினோம். நூலை அவனிடமே திருப்பிக் கொடுத்தோம். தகப்பனாரிடம் நாமே பேசினோம். அவர் முழுமனத்தோடு ஒப்பினார் என்று சொல்லமாட்டோம்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு மாலை அவன் மீண்டும் வந்தான். நண்பர்கள் கூடி, மூடிய பக்கத்திலிருந்தே தொடங்கினார்களாம். இவன் சொல்லியிருக்கிறான்: குட்டிகளுக்கு நடுவே காயம்பட்ட கிழவி ஒருத்தி இருக்கிறாள், அவள் கையில் ஆயுதம் இல்லை, உங்கள் மொழியில் ஏதோ சொல்கிறாள். முடித்துவிடு என்று முன்பு சொன்ன பையன்தான் பகடையை எடுத்து உருட்டினானாம். ஒன்பது விழுந்திருக்கிறது, தாக்குதல் இல்லை. இப்போது அவர்கள் ஆறு பேரும் பத்துக் குட்டிகளோடும் ஒரு கிழவியோடும் கோட்டைக்குப் போகும் பாதையில் நிற்கிறார்கள். வாயிற்காவலனிடம் என்ன சொல்வது என்று முடிவாகவில்லை. அந்தக் கலகலப்பான குருவானவரிடம் மட்டும் போகவேண்டாம் என்று நாம் சொல்லி அனுப்பினோம்.